சூடம் அணைக்காதவள்

தேவிகுளத்துக்குக் கீழே தேயிலைச் சரிவில் இறங்கும் மேல் டிவிஷன் லயத்தின் வரிசை வீடுகளில், சாந்தம்மாளின் வீடு கடைசிக்கு முந்தினது. அங்கே ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் அடுத்த வீட்டில் தும்ம வேண்டியதுதான். அப்படிப்பட்ட இடத்தில் ஒருத்தி ஐந்து வருஷம் திருடி என்ற பெயரோடு குடியிருந்தாள் என்றால், அது எவ்வளவு பெரிய பாடு என்று லயத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஜெயிலில்கூடச் சுவர் கொஞ்சம் கனமாக இருக்கும்.

அவள் திருடவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அவளுடைய தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து மலையேறி வந்த வேதக்காரக் குடும்பம் அது. கணவர் ஃபாக்டரியில் இலை வாட்டும் வேலையில் இருந்தவர்; மாரடைப்பில் போய்ச் சேர்ந்து பத்து வருஷமாகிறது. ஒரே மகள் டின்சி. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்த கோட்டயத்து நர்ஸ் வைத்த பெயர் அது. திருநெல்வேலியில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு இன்றுவரை அது வாயில் நுழைவதில்லை.

சாந்தம்மாள் எஸ்டேட்டின் கிரெச்சில் ஆயாவாகப் பதினான்கு வருஷம் இருந்தாள். காலையில் கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் தங்கள் பிள்ளைகளை அவளிடம் விட்டுவிட்டுப் போவார்கள். பத்து மணிக்குப் பால் கொடுக்க மூச்சு வாங்க ஓடி வருவார்கள். உத்தரத்தில் வரிசையாக ஐந்து தூளித் தொட்டில் தொங்கும். ஐந்தையும் ஒரே கயிற்றில் கோத்து, கயிற்றின் நுனியைத் தன் கால் கட்டை விரலில் மாட்டிக்கொண்டு, கையால் கஞ்சிக்கு அரிசி புடைப்பாள். அவள் காலை ஆட்டினால் டிவிஷனே தூங்கும் என்று பெண்கள் கேலி பேசுவார்கள்.

அந்தக் கிரெச்சில்தான் காப்பு தொலைந்தது.

முருகேஸ்வரி ராஜபாளையம் பக்கமிருந்து கல்யாணமாகி வந்தவள். ஆறு வருஷம் பிள்ளையில்லாமல் பேச்செல்லாம் கேட்டு, நேர்ச்சையெல்லாம் நேர்ந்து, அதன் பிறகு பிறந்தவன் அருண்பாண்டி. அவனுடைய முதல் பிறந்தநாளுக்கு முருகேஸ்வரியின் அப்பா ஒரு ஜோடித் தங்கக் காப்பு கொண்டுவந்து போட்டார். மறுநாள் அதைக் கழற்றாமலேயே பிள்ளையைக் கிரெச்சில் விட்டாள். “தங்கத்தைப் போட்டு விடாதட்டி, பத்துப் பிள்ளைக புரளுத இடம்,” என்று சாந்தம்மாள் சொன்னாள். “இருக்கட்டும்க்கா, இன்னிக்கு ஒரு நாள்,” என்று சொல்லிவிட்டு அவள் ஓடிவிட்டாள். மஸ்டரில் பெயர் கொடுக்க நேரமாகியிருந்தது. பத்து மணிக்குத் திரும்பி வந்து பிள்ளையை எடுத்தபோது இடது கையில் காப்பு இல்லை.

கிரெச்சைத் தலைகீழாகப் புரட்டினார்கள். தூளிகளை உதறினார்கள், குப்பையைக் கொட்டிக் கிளறினார்கள், வாசல் மண்ணைச் சல்லடையில் சலித்தார்கள். கிடைக்கவில்லை. அது எங்கே போனது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

மறுநாள் காலை மஸ்டரில் நூறு பேர் நிற்க, முருகேஸ்வரி தன் வலது கையை நீட்டி, “இந்தம்மாதான்,” என்றாள். அவள் கெட்டவள் இல்லை. ஆறு வருஷம் காத்திருந்து பெற்ற பிள்ளையின் கையிலிருந்து அப்பா போட்ட முதல் நகை போய்விட்டது. யார் மீதாவது அந்தக் கையை நீட்டாமல் அவளால் நிற்க முடியவில்லை. நீட்டியது தப்பு. ஆனால் அந்தத் தப்பைப் புரிந்துகொள்ள முடியாதவர்கள் பிள்ளை பெறாதவர்களாக இருக்க வேண்டும், அல்லது மிகவும் நல்லவர்களாக இருக்க வேண்டும்.

இப்படிப்பட்ட வழக்குக்கு லயத்தில் போலீஸ் வருவதில்லை. அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோவில் முன்னால் தரையில் சூடம் ஏற்றுவார்கள். சந்தேகத்துக்கு ஆளானவர் அதை உள்ளங்கையால் அடித்து அணைத்து, ‘நான் எடுக்கவில்லை’ என்று சத்தியம் செய்துவிட்டால் விஷயம் அதோடு முடிந்தது. பிறகு ஒரு வார்த்தை பேசினால் பேசியவர்தான் குற்றவாளி. பொய்ச் சத்தியம் செய்தவரை ஆத்தா சும்மா விடமாட்டாள் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. கோர்ட்டைவிட அது சீக்கிரமாகவும் சுத்தமாகவும் நடக்கும். யூனியன் தலைவர் சுடலை அதைத்தான் சொன்னார்.

“நீங்க எடுத்திருக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்க்கா. வந்து அணைச்சுட்டுப் போயிருங்க. முன்னாடி உங்க சபை ஆளு ரெண்டு பேரு அணைச்சிருக்காங்க.”

“நான் எடுக்கல, தம்பி,” என்றாள் சாந்தம்மாள். “எடுக்கலேன்னா எடுக்கலதான். அதுக்கு மேல சத்தியம் பண்ணாதேன்னு எங்க ஆண்டவர் சொல்லியிருக்காரு.”

சுடலை நியாயஸ்தர். கொஞ்சம் யோசித்தார். “சரி, சூடம் வேண்டாம். உங்க பைபிள் மேல கைய வச்சுச் சொல்லுங்க. அதுக்கு யாரும் எதுத்துப் பேச மாட்டாங்க.”

“அதுவும் சத்தியந்தானே, தம்பி. எதும் மேலயும் பண்ணக் கூடாது.”

எல்லாம் அந்த இடத்தில்தான் கெட்டது. சூடத்துக்கு மாட்டேன் என்றபோது, சரி, அவர்கள் சாமி வேறு என்று பாதிப் பேர் நினைத்தார்கள். தன் வேதத்தின் மேலேயே கை வைக்க மாட்டேன் என்றதும் மிச்சப் பேரும் உதட்டைப் பிதுக்கினார்கள். சொந்தச் சாமிக்கே பயப்படுகிறாள் என்றால் மடியில் கனம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? இதை விளக்கிச் சொல்ல சாந்தம்மாளுக்கு வாய் சாமர்த்தியம் இல்லை. அவள் சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் படித்தது ஒன்றுதான்: ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை, அதற்கு மேல் வேண்டாம். அதை அவள் அப்படியே எடுத்துக்கொண்டாள். பெரிய மனிதர்கள் அதற்கு நூறு சமாதானம் சொல்வார்கள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

“ஒரு சூடம்மா. ஒரு செகண்ட்,” என்று டின்சி அழுதாள். “கை சுட்டா மருந்து போட்டுக்கலாம்.”

“கை சுடுததுக்கா நான் பயப்படுதேன்?” என்றாள் சாந்தம்மாள்.

வெள்ளிக்கிழமை சூடம் ஏற்றினார்கள். அவள் வரவில்லை. அது தானாகவே எரிந்து அணைந்தது.

அடுத்த வாரம் ஃபீல்டு ஆபீசர் ஜிபி அவளைக் கூப்பிட்டார். “சாந்தம்மா சேச்சி, எனக்கு உங்களைத் தெரியும். பக்ஷே எல்லாரும் ஒப்பு போட்டுப் பராதிக் கடிதம் கொடுத்தாச்சல்லோ. பிள்ளைங்களை விட மாட்டோம்னு சொல்றாங்க,” என்றார். நாற்பத்தெட்டு வயதில் அவள் மறுபடி கொழுந்துக் கூடை சுமந்தாள். மழைக்காலத்தில் முழங்கால் மடங்காது. குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் பக்கத்துக் குடங்கள் நகரும். கல்யாண வீடுகளில் அவளைப் பந்தியின் ஓரத்தில் உட்கார வைத்தார்கள். கொஞ்ச நாளில் பத்திரிகையே வரவில்லை. வீட்டுக்குள் அவள் வந்தால் பெண்கள் சும்மா எழுந்து போய் பீரோச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். அது அவர்களுக்கே தெரியாமல் நடக்கும். அவளுக்குத் தெரியும்.

முதல் வருஷம், காப்பு கிடைக்க வேண்டும் என்று ஜெபம் செய்தாள். இரண்டாம் வருஷம், அது கிடைக்காவிட்டாலும் சனங்கள் மறந்துவிட்டால் போதும் என்று கேட்டாள். மூன்றாம் வருஷம் ஆனைக்கரையில் இருந்து டின்சிக்கு ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல பையன், வீட்டைச் சுற்றி ஏலக்காய்த் தோட்டம், சபைக்குப் போகிற குடும்பம். பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். போகிற வழியில் பையனின் அத்தை லயத்தில் வேறொரு வீட்டில் ஒரு வாய் காப்பி குடித்தாள். அந்தக் காப்பியோடு சம்பந்தம் முடிந்தது. டின்சி மூன்று மாதம் அம்மாவோடு பேசவில்லை. பிறகு மூணாறில் ஒரு ஹோட்டலில் வேலை தேடிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டாள்.

அந்த ஆடி மாதத்தில் ஒரு நாள். மஞ்சு இறங்கிப் பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. சாந்தம்மாள் நனைந்த கைகளோடு கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு வரிசை தள்ளி முருகேஸ்வரி யாரிடமோ எதற்கோ சிரித்தாள். மஞ்சுக்குள்ளிருந்து அவளுடைய வலது கை மட்டும் செடிமேல் ஓடுவது தெரிந்தது. டிவிஷனிலேயே வேகமான கை அது. சாந்தம்மாள் நிமிர்ந்து நின்று, சத்தமில்லாமல், ஆனால் வாயைத் திறந்து, கேட்டாள்: “ஆண்டவரே, நீட்டின அந்தக் கை விளங்காமப் போகணும்.”

கேட்டதும் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அன்றைக்குக் கூடை சீக்கிரமாக நிறைந்தது. சாயங்காலம் விளக்குப் போட்டு வேதத்தைத் திறந்தபோது கூசியது. ஆனாலும் கேட்டதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

இரண்டு வருஷம் கழித்து ஒரு ஜூன் மாதம், கீழ் ஃபீல்டுக்குப் பெண்களை ஏற்றிப் போன ஜீப் வளைவில் கவிழ்ந்தது. டயர் வழுக்கை என்று டிரைவருக்கே தெரியும். அந்த வளைவில் மண் சரிந்திருந்தது எல்லோருக்கும் தெரியும். மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. முருகேஸ்வரியின் வலது கை வண்டிக்கு அடியில் சிக்கிக்கொண்டது. தேனி ஆஸ்பத்திரியில் முழங்கைக்கு மேலே எடுத்தார்கள்.

“நீட்டின கைதான் போச்சு,” என்று லயத்தில் யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியவில்லை. ஒரே நாளில் எல்லோரும் சொன்னார்கள். ஐந்து வருஷம் வாய் கூசாமல் திருடி என்றவர்கள், ஒரு ராத்திரியில் மாறினார்கள். குழாயடியில் குடங்கள் மறுபடியும் நகர்ந்தன; இந்த முறை அவளுக்கு முதல் இடம் விட. சுடலை வந்து வாசலில் நின்று, “உங்க சாமி கேட்டுருச்சுக்கா. நாங்கதான் தெரியாமப் போயிட்டோம்,” என்று கையெடுத்துக் கும்பிட்டார். கிரெச்சில் இருந்த ஆயா அடுத்த மாதம் ரிட்டயர் ஆகிறாள், நீங்களே வந்துவிடுங்கள் என்று ஜிபி சொல்லி அனுப்பினார். டின்சி போனில் குரல் இறங்கிப் பேசினாள். ஆனைக்கரைக்காரர்கள் மறுபடி விசாரிக்கிறார்களாம். பையனுக்கு இன்னும் அமையவில்லையாம்.

“இப்ப எல்லாரும் நம்புறாங்கம்மா,” என்றாள் டின்சி. “நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். சும்மா இருந்தாலே போதும்.”

சும்மா இருந்தால் போதும். ஐந்து வருஷமாகக் கேட்டது அத்தனையும் வாசலில் வந்து நின்றது. வேலை, பெயர், மகளின் கல்யாணம். சாந்தம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. நான் கேட்டேன், கிடைத்துவிட்டது என்று மனதில் ஒரு குரல். நான் கேட்டதற்கா இது நடந்தது என்று இன்னொன்று. ஆண்டவர் நியாயம் செய்வார் என்பதில் அவளுக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. அந்த ஒரு பிடிமானத்தில்தான் குழாயடிக்குப் போய் வந்தாள். ஆனால் என் பெயரைத் துடைக்க அவருக்கு ஒரு பிள்ளையின் அம்மாவுடைய கையா கிடைத்தது? அப்படிப்பட்டவரையா நான் இத்தனை நாள் நம்பினேன்? கேள்வி அவளைத் தூங்க விடவில்லை. டயரும் மண்சரிவும் ஞாபகத்துக்கு வரும். அடுத்த நிமிஷமே மஞ்சுக்குள் தான் வாயைத் திறந்ததும் ஞாபகத்துக்கு வரும்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் உபதேசியார், “சகோதரி சாந்தம்மாள் இன்றைக்குச் சாட்சி சொல்லுவார்கள்,” என்று அறிவித்தார். ஆண்டவர் செய்த நன்மையை எழுந்து நின்று சபைக்குச் சொல்வதற்குப் பெயர்தான் சாட்சி. அவளைக் கேட்காமலேயே அறிவித்துவிட்டார், அவருக்கும் சந்தோஷம். அவள் எழுந்தாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு நிமிஷம் நின்றாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். உணர்ச்சிப் பெருக்கில் பேச்சு வரவில்லை என்று நினைத்து உபதேசியார் பாட்டைத் தொடங்கினார்.

அன்று மத்தியானம் முருகேஸ்வரி வந்தாள்.

தனியாக வரவில்லை. மாமியார் ராமலட்சுமி தாம்பாளத்தில் தேங்காய் பழம் எடுத்துவந்தாள். ஆறு வயது அருண்பாண்டி பாட்டியின் சேலையைப் பிடித்துக்கொண்டு வந்தான். தன்னை விட்டு எதுவும் நடந்துவிடக் கூடாது என்று சுடலையும் கூட வந்தார். லயம் முழுவதும் வாசலுக்கு வந்தது. முருகேஸ்வரி பாதியாக இளைத்திருந்தாள். வலது பக்கம் ரவிக்கைக் கையை மடித்து ஊக்குக் குத்தியிருந்தது. தலை சீவவில்லை. சாந்தம்மாள் காலில் விழக் குனிந்தவள் ஒரு கையை மட்டும் ஊன்றி விழத் தெரியாமல் பக்கவாட்டில் சாய்ந்தாள். சாந்தம்மாள் பதறிப் பிடித்து உட்கார வைத்தாள்.

“சாபத்தை எடுத்துருங்கக்கா,” என்றாள் முருகேஸ்வரி. “என்னோட போகட்டும். எம் பிள்ளைக்கு வந்துரக் கூடாது. எல்லாரும் சொல்றாங்க, அடுத்து பிள்ளைக்குத்தான்னு.”

“எடுத்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்கக்கா,” என்றார் சுடலை. “அதோட முடிஞ்சுது.”

இதே மாதிரி ஐந்து வருஷத்துக்கு முன் அவர் சொன்னது சாந்தம்மாளுக்கு ஞாபகம் வந்தது. எதிரே நின்ற முகங்களைப் பார்த்தாள். அத்தனை பேரும் அவளை நம்பினார்கள். சாபத்தை எடுத்துவிட்டேன் என்று சொன்னால் பெரிய மனுஷியாகவும் ஆகிவிடலாம். மடிந்து கிடந்த ரவிக்கைக் கையைப் பார்த்தாள்.

“எங்கிட்ட சாபம் இல்லட்டி, எடுக்கதுக்கு,” என்றாள். “ஆனா ஒண்ணு சொல்லணும். ரெண்டு வருசத்துக்கு முன்னாடி உன் கை விளங்காமப் போகணும்னு நான் கேட்டேன். ஃபீல்டுல நின்னு வாயத் திறந்து கேட்டேன். அது பாவம். நீ எங்கிட்ட மன்னிப்புக் கேக்க வேண்டாம், நாந்தான் உங்கிட்ட கேக்கணும்.”

கூட்டத்தில் ஒருத்தி மூச்சை இழுத்தாள். ராமலட்சுமி பேரனை இழுத்து முந்தானைக்குள் மூடிக்கொண்டாள்.

“பாத்தீங்களா, கேட்டது பலிச்சிருச்சு,” என்றார் சுடலை, மெல்ல.

“பலிக்கல,” என்றாள் சாந்தம்மாள். அவள் குரல் உயர்ந்து லயத்தில் யாரும் கேட்டதில்லை. இப்போதும் உயரவில்லை. “டயரு தேஞ்ச வண்டியில பொம்பளைகள அள்ளிப் போட்டுட்டுப் போனா கவுழத்தான் செய்யும். அத எஞ்சாமி தலையில கட்டாதீங்க. நான் காப்ப எடுக்கல. அது உண்மை. அதுக்கு இவ கை சாட்சி இல்ல. அன்னிக்குச் சூடத்தக் கொண்டாந்து முன்னால வச்சீங்க, இன்னிக்கு இவ கையக் கொண்டாந்து வைக்கீங்க. அன்னிக்கும் அணைக்கல, இன்னிக்கும் அணைக்க மாட்டேன். எனக்கு நியாயம் செய்ய எங்க ஆண்டவருக்குத் தெரியும். அது வரும். இது அது இல்ல.”

தாம்பாளத்தை எடுத்துக்கொள்வதா வைத்துவிட்டுப் போவதா என்று தெரியாமல் ராமலட்சுமி தடுமாறினாள். கடைசியில் எடுத்துக்கொண்டு போனாள்.

அதன் பிறகு நடந்தது எதிர்பார்த்ததுதான். இரண்டே நாளில் லயம் குழம்பி, நான்காம் நாள் ஒரு முடிவுக்கு வந்தது. தண்டனை இல்லை என்று அவளே சொல்லிவிட்டாள். அப்படியென்றால் காப்பை எடுத்தது யார்? போதாததற்கு, அடுத்தவள் கை போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டதாக அவள் வாயாலேயே சொன்னாளே. திருடி என்ற பெயரோடு கருநாக்குக்காரி என்ற பெயரும் சேர்ந்தது. கிரெச் வேலை கீழ் டிவிஷன்காரி ஒருத்திக்குப் போனது. உபதேசியார் இரண்டு வாரம் முகம் கொடுக்கவில்லை. டின்சி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “உன்ன வச்சுக்கிட்டு நான் என்னம்மா செய்ய?” என்று மட்டும் சொல்லிவிட்டு போனை வைத்தாள். அன்று சாந்தம்மாள் அடுப்பு மூட்டவில்லை. உட்கார்ந்து அழுதாள். சரியானதைச் செய்தால் மனம் லேசாகும் என்று யார் சொன்னார்களோ, அவர்களுக்கு மகள் இல்லை போலிருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்தாம் நாள் காலை, எல்லோரும் மஸ்டருக்குப் போன பிறகு கதவு தட்டப்பட்டது. முழங்கால் வீங்கியதால் சாந்தம்மாள் அன்று வேலைக்குப் போகவில்லை. முருகேஸ்வரி நின்றுகொண்டிருந்தாள். இடது கையில் சீப்பு.

“அத்தை ஃபீல்டுக்குப் போயிட்டாங்க,” என்றாள். “ஒத்தக் கையால சடை போட வரல. சிக்கு விழுந்துருச்சு.” சீப்பை நீட்டி, “எல்லாரும் எனக்குத் தண்டனைன்னாங்க. எங்கம்மாகூட அப்படித்தான் சொல்லுச்சு. நீங்க மட்டுந்தான் இல்லேன்னீங்க,” என்றாள்.

சாந்தம்மாள் பலகையைப் போட்டு அவளை உட்கார வைத்தாள். சிக்கு எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. தேங்காயெண்ணெய் போதவில்லை, பக்கத்து வீட்டில் கேட்க முடியாது.

மறுநாளும் வந்தாள். அதற்கு அடுத்த நாளும். சாந்தம்மாள் வேலைக்குப் போகும் நாட்களில் விடிவதற்கு முன்பே வந்துவிடுவாள். லயத்தில் பார்த்தார்கள், பார்த்துவிட்டு அதையும் பேசினார்கள். சில நாள் அருண்பாண்டி கூட வந்து வாசற்படியில் உட்கார்ந்து ரொட்டி தின்பான்.

மூன்றாவது வாரம் ஒரு காலை. மழை விட்டிருந்தது. சாந்தம்மாள் வகிடு எடுத்து, ஒரு பக்கத்து முடியை மூன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். முருகேஸ்வரி திரும்பாமல், வெளியே பார்த்தபடி கேட்டாள்.

“அக்கா, அந்தக் காப்ப நீங்களா எடுத்தீங்க?”

சாந்தம்மாளின் கை நின்றது. ஐந்து வருஷத்தில் எல்லோரும் அவளைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள். சூடம் ஏற்றினார்கள், வேதத்தின் மேல் கை வைக்கச் சொன்னார்கள், கையெழுத்துப் போட்டுப் புகார் எழுதினார்கள், மகளைக்கூடச் சும்மா இரு என்று சொல்ல வைத்தார்கள். இப்படி ஒரு கேள்வியாக யாரும் அவளிடம் கேட்டதில்லை.

“இல்ல,” என்றாள்.

“சரிக்கா,” என்றாள் முருகேஸ்வரி. மறுபக்கத்தைப் பின்னுவதற்கு வசதியாகத் தலையைத் திருப்பிக் கொடுத்தாள்.